குப்பையும் புகையும் குறைந்த கல்யாணம்: தேதி குறிப்பதிலிருந்து மண்டபம் ஒப்படைக்கும் வரை

சுற்றுச்சூழலுக்கு உகந்த திருமணம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை, தாம்பூலப் பையோடு தரும் மரக்கன்றும் விதைக் காகிதத்தில் அச்சடித்த பத்திரிகையும்தான். இரண்டிலும் தவறில்லை. ஆனால் பத்திரிகை அச்சகத்துக்குப் போகும்போதே அந்தக் கல்யாணம் எவ்வளவு எரிபொருளை எரிக்கப்போகிறது, எத்தனை அண்டா சோற்றைக் குப்பைக்கு அனுப்பப்போகிறது என்பவை ஏறத்தாழ முடிவாகியிருக்கும். ஆட்களின் எண்ணிக்கை, ஊர், மாதம் ஆகியவற்றைக் குறித்த முடிவுகளும், மண்டபத்தாரோடும் சமையல்காரரோடும் அலங்காரக்காரரோடும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுமே அவற்றை நிர்ணயிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி, வேலைகள் வீட்டில் எந்த வரிசையில் நடக்குமோ அந்த வரிசையிலேயே செல்கிறது.

எத்தனை பேர், எந்த ஊர், எந்த மாதம்

பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது பட்டியலைப் பற்றித்தான். அழைப்பவர்களின் எண்ணிக்கையில் நூறு குறைந்தால் சாப்பாடு, தண்ணீர், வாகனம், மண்டபத்தின் அளவு, குளிர்சாதனம் அனைத்தும் சேர்ந்து குறைகின்றன. வேறு எந்த ஒற்றை முடிவுக்கும் இவ்வளவு வீச்சு கிடையாது. சொந்தத்தை விட்டுவிட முடியாது என்பது உண்மை. ஆயினும் அலுவலகம், பழைய அலுவலகம், குடியிருப்போர் சங்கம் என்று நீளும் பட்டியலின் பின்பகுதியில் முகம் மறந்துபோனவர்களும் இருப்பார்கள். இதைவிடச் சுருக்கமாக நடத்த விரும்புவோருக்குச் சட்டமும் இடம் தருகிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டு தமிழ்நாடு செய்த திருத்தத்தின்படி (பிரிவு 7-ஏ), உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு, அல்லது தாலி கட்டிச் செய்யும் சுயமரியாதைத் திருமணமும் செல்லுபடியாகும். ஐம்பது பேர் முன்னிலையில் நடக்கும் அத்தகைய திருமணத்துக்கு இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி தேவைப்படாது.

அடுத்தது ஊர். சென்னையில் இருக்கும் உறவினர்கள் மதுரைத் திருமணத்துக்குக் காரில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவழித் தூரம் ஏறத்தாழ 460 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் போய்த் திரும்ப 60 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாவதால், ஒரு காருக்கு ஏறத்தாழ 140 கிலோ ஆகிறது. வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சமையல் எரிவாயு உருளை ஒன்றை முழுவதுமாக எரித்தால் வெளியாவது சுமார் 57 கிலோதான். அப்படிப் பார்த்தால் நாற்பது கார்கள் வந்து திரும்புவது நூறு உருளைகளை எரிப்பதற்குச் சமம். எந்தக் கல்யாணச் சமையலுக்கும் நூறு உருளை தேவைப்படுவதில்லை. அடுப்பை விறகுக்கு மாற்றலாமா, சூரிய அடுப்பைக் கொண்டு வரலாமா என்று யோசிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

ஆகையால், உறவினரில் பெரும்பாலோர் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊரில் திருமணத்தை வைப்பதும், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகிலுள்ள மண்டபத்தைத் தேர்ந்தெடுப்பதும் முதல் வேலை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், பத்திரிகை தயாராகும் வரை காத்திராமல், தேதி உறுதியானதுமே வெளியூர் உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். இரவு ரயிலில் வந்து இறங்குபவர்களுக்கு நிலையத்திலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்துவிட்டால், அவர்களில் பலர் காரை எடுக்க மாட்டார்கள். பெண் அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு மூன்றையும் மூன்று இடங்களில் வைப்பதும், சொந்த ஊரில் ஒரு வரவேற்பு, வேலை பார்க்கும் ஊரில் இன்னொரு வரவேற்பு என்று இரட்டிப்பாக்குவதும் செலவை மட்டுமன்றிப் பயணத்தையும் குப்பையையும் இரட்டிப்பாக்குகின்றன. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்று ஒரே மண்டபத்தில் முடித்துக்கொள்வது நம் வழக்கத்திலேயே உள்ள ஏற்பாடு. ஒரே மேடை அலங்காரம் இரண்டுக்கும் போதும்.

மாதத்தைப் பொறுத்தவரை பஞ்சாங்கமும் சோதிடரும் சொல்வதற்குள்தான் தேர்வு செய்ய முடியும். அந்த வரம்புக்குள்ளும் தை மாத முகூர்த்தத்துக்கும் வைகாசி முகூர்த்தத்துக்கும் வேறுபாடு உண்டு. தையில் காலை முகூர்த்தத்தைக் காற்றோட்டமான மண்டபத்தில் மின்விசிறியை மட்டும் வைத்து நடத்திவிடலாம். வைகாசியில் குளிர்சாதனம் இல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள். பல ஊர்களில் தண்ணீரும் லாரியில்தான் வர வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அங்கே குப்பை எங்கே போகிறது என்று மேலாளரிடம் கேட்க வேண்டும். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாக வாங்குகிறார்களா, உள்ளாட்சி அமைப்பின் வண்டி வருகிறதா, அல்லது யாரோ ஒருவர் இரவில் எடுத்துப்போய் எங்கோ கொட்டுகிறாரா என்பது அந்தக் கேள்வியில் தெரிந்துவிடும். வீட்டு வாசலிலோ தோட்டத்திலோ பந்தல் போட்டு நடத்துவோருக்கும் ஒரு கடமை உண்டு. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துபவர் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரித்தும் ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கோப்பையும், தெர்மாகோல் தட்டு, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், எல்லா அளவிலுமான பிளாஸ்டிக் பைகள் ஆகியவை அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. இந்திய அளவில் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும், பலூன்களுக்கான பிளாஸ்டிக் குச்சியும், இனிப்புப் பெட்டிகளின் மீதும் அழைப்பிதழ்களின் மீதும் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் அடங்கும். பட்டியலைப் படிப்பவருக்கு, இது கல்யாண மண்டபத்தைப் பார்த்து எழுதியது போலவே தோன்றும். இப்பொருட்கள் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதைச் சமையல், அலங்கார ஒப்பந்தங்கள் இரண்டிலும் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொன்னால், கல்யாண நாள் காலையில் அவசரத்துக்குக் கடையில் கிடைப்பதுதான் பந்திக்கு வரும். அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்க முடியாது.

பந்தி

வாழை இலையில் பரிமாறுகிறோம், அதனால் நம் சாப்பாடு இயற்கையானது என்று நினைத்துக்கொள்வது எளிது. இலை மக்கும், இலையோடு மூடப்படும் சோறும் இனிப்பும் பொரியலும்தான் சிக்கல். உணவுக் கழிவு குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலிலும், கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலிலும் பற்றி எரிந்தன. அத்தகைய இடங்களில் தீ மூளவும் பரவவும் இந்த வாயு துணைபோகிறது.

வீணாவதைக் குறைக்கும் வேலை சமையல்காரரோடு பேசும் முறையிலேயே தொடங்குகிறது. மளிகையும் காய்கறியும் நாம் வாங்கிக் கொடுத்துச் சமையலுக்கு மட்டும் கூலி பேசுவது ஒரு முறை. இலைக்கு இவ்வளவு என்று முழுப் பொறுப்பையும் ஒப்படைப்பது இன்னொரு முறை. இலைக் கணக்கில் பேசும்போது குறைந்தபட்ச இலை இத்தனை என்று ஒப்பந்தக்காரர் கேட்பார். வீட்டார் பயத்தில் அந்த எண்ணை உயர்த்திச் சொல்லிவிடுவார்கள். அவரும் தம் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிச் சமைப்பார். இரண்டு பயமும் சேர்ந்துதான் கடைசியில் அண்டாவில் மிஞ்சுகிறது. குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போகும் இலைகளுக்குச் சற்றுக் கூடுதல் விலை தருவதாக ஒப்புக்கொள்வது இருவருக்கும் நியாயமான வழி. சோற்றை மொத்தமாக வடித்துக் குவிக்காமல் உலை உலையாக வைக்க வேண்டும் என்றும், முதல் பந்தி உட்கார்ந்த பிறகு கூட்டத்தைப் பார்த்தே அடுத்த உலை ஏற்ற வேண்டும் என்றும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். நல்ல சமையல் மாஸ்டருக்கு இது புதிதல்ல. செய்யச் சொல்லிக் கேட்பவர்தான் இல்லை. மளிகையை நாமே வாங்குவதானால், பிரிக்காத மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

வருபவர் எத்தனை பேர் என்பதை முன்கூட்டிக் கேட்பது நம் ஊரில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. பத்திரிகை வைக்கும்போது "எத்தனை பேர் வருவீர்கள்" என்று கேட்டால் கணக்குப் பார்ப்பதாகத் தோன்றும். அதையே "முதல் நாள் இரவே வந்துவிடுவீர்கள் அல்லவா, தங்க இடம் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் அக்கறையாகத் தோன்றும். கிடைக்கும் தகவல் ஒன்றுதான். திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு, இரு வீட்டிலும் சொந்தங்களை நன்கு அறிந்த அத்தை, சித்தப்பா போன்ற ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்து, குடும்பம் குடும்பமாகத் தொலைபேசியில் பேசிக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம்.

பதார்த்தங்களின் எண்ணிக்கையைப் பற்றி வீட்டில் சண்டை வரும். இலையில் இருபத்தைந்து வகை வைத்தால்தான் கௌரவம் என்போரிடம் நேராக வாதாடுவதில் பயனில்லை. அவர்களிடம் சொல்ல வேண்டியது, வகை கூடக் கூட எதுவும் சூடாகவும் ருசியாகவும் வராது என்பதுதான், இது உண்மையும்கூட. ஓர் இனிப்பு, ஒரு கூட்டு, இரண்டு பொரியல், சாம்பார், ரசம், பாயசம், அப்பளம், மோர் என்பதை நன்றாகச் செய்தால் அதைப் பற்றி ஊர் பேசும். வடையையும் இனிப்பையும் சிறிய அளவில் செய்யச் சொல்லலாம். எல்லோரும் உட்காரும் முன்பே இலை நிறையப் பரிமாறி வைக்கும் பழக்கத்தை விட்டு, ஆள் உட்கார்ந்த பிறகு கேட்டுக் கேட்டுப் பரிமாறச் சொல்ல வேண்டும். வேண்டியதை இரண்டாம் முறை கொண்டு வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சாப்பிடுபவர் முதல் முறை அளவாக வாங்குவார். ஆகவே பரிமாறுவோரின் எண்ணிக்கையைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தக் கூடாது. அரிசியில் சீரகச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா போன்ற பாரம்பரிய ரகங்களை அந்தப் பகுதி உழவர்களிடமே வாங்க முடிந்தால் நல்லது. ஆனால் அந்த அரிசியை முன்பே ஒருமுறை வடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ரகத்துக்கு ரகம் தண்ணீர் அளவும் வேகும் நேரமும் மாறும்.

குடிநீருக்கு வருவோம். அறுநூறு பேர் வரும் திருமணத்தில் ஆளுக்கு இரண்டு சிறிய பாட்டில் என்றாலே ஆயிரத்து இருநூறு பாட்டில்கள் ஆகும். அவற்றில் பாதி, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அப்படியே விட்டுப்போனவையாக இருக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் இருபது லிட்டர் கேன் முப்பது போதும். பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளரும் ஜக்கும் கிடைக்கும். பந்தியில் தண்ணீர் ஊற்ற மட்டும் தனியாக இரண்டு மூன்று பேர், டம்ளர் கழுவ வெந்நீரோடு ஓர் இடம், அதற்கு இரண்டு ஆட்கள் என்று ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த ஆட்கூலியைக் கணக்கில் சேர்க்காமல் டம்ளரை மட்டும் வாடகைக்கு எடுத்தால், இரண்டாவது பந்தியிலேயே டம்ளர் தீர்ந்து, யாராவது பாட்டில் பெட்டியை இறக்கிவிடுவார்கள். காபிக்கும் எவர்சில்வர் டம்ளரே நல்லது. காகிதக் கோப்பை என்று விற்கப்படுபவற்றின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேஜையில் சுருளாக விரிக்கும் தாளும் தேவையில்லை. துடைத்தால் சுத்தமாகும் கிரானைட் அல்லது எவர்சில்வர் மேல்தளமுள்ள மேஜைகள் இருக்கும் மண்டபத்தில், ஈரத்துணியோடு இருவர் நின்றால் போதும். மாலை வரவேற்பில் கையேந்தி விருந்து வைப்பதானால் பாக்குமட்டைத் தட்டு, தைத்த மந்தார இலை ஆகியவை பொருத்தமானவை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்க்கும் அமைப்புகள் பல நகரங்களில் உள்ளன. 2014-இல் கோவையில் தொடங்கிய "நோ ஃபுட் வேஸ்ட்" அவற்றுள் ஒன்று. அவர்களிடமோ அருகிலுள்ள இல்லத்திடமோ ஒரு வாரம் முன்பே பேசி, யார் எத்தனை மணிக்கு வருவார் என்று தெரிந்துகொண்டு, கடைசிப் பந்தி உட்காரும்போதே தகவல் சொல்ல வேண்டும். இலையில் வைத்தது அல்ல, பாத்திரத்தில் கை படாமல் இருப்பதையே கொடுக்கலாம். அதையும் சூடு ஆறும் முன், சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். தேங்காய் அரைத்து விட்டவையும் தயிர் சாதமும் விரைவில் கெடும். மதியம் மிஞ்சியதை இரவு வரை வைத்திருந்து கொடுப்பது தானம் ஆகாது. மாட்டுக்குப் போட்டால் புண்ணியம் என்று ஒரு கூடை சோற்றை ஒரே மாட்டின் முன் கொட்டுவதும் கூடாது. சோறு அதிகமானால் மாட்டின் வயிற்றில் அமிலத்தன்மை ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

மேடையும் வாசலும்

குலை தள்ளிய வாழை, தென்னங்கீற்று, மாவிலை, குருத்தோலைத் தோரணம், கூந்தல்பனைக் குலை, செவ்விளநீர் ஆகிய நம் பழைய அலங்காரப் பொருட்கள் எல்லாமே மக்கக்கூடியவை. இவற்றை வைத்தே ஒரு மேடையைக் கம்பீரமாக அமைக்கத் தெரிந்த ஓலைக் கலைஞர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். பிரச்சினை பெரும்பாலும் பூவில் இல்லை, பூவைத் தாங்கும் பொருளில் இருக்கிறது. மேடைப் பூக்களைக் குத்தி வைக்கும் பச்சை நிறப் பஞ்சுக்கட்டி ஒரு வகைப் பிளாஸ்டிக். தண்ணீரில் ஊறி நொறுங்கித் துகளாகிப்போகும், மக்காது. அதற்குப் பதிலாக வாழைத்தண்டிலோ, தண்ணீர் நிரப்பிய மண்பானையிலோ, கம்பி வலைச் சட்டத்திலோ குத்தச் சொல்லலாம். மாலை கட்டுபவரிடம் வாழைநாரில் கட்ட வேண்டும், ஜிகினாவும் பிளாஸ்டிக் மணியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மறுநாள் அந்த மாலைகள் அப்படியே உரக்குழிக்குப் போகலாம். தோவாளை, நிலக்கோட்டை, மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைகளில் அந்தப் பருவத்தில் என்ன பூ மலிவாக இருக்கிறதோ அதை வைத்தே அலங்காரத்தை அமைக்கச் சொல்வது நல்லது. சம்பங்கியும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மேடைக்குக் குறைவான அழகைத் தருபவை அல்ல. ஆர்க்கிட் விமானத்தில் வர வேண்டியதில்லை.

மணமக்கள் படம் போட்ட ஃபிளெக்ஸ் பதாகையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கட்சிப் பிரமுகரின் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலையில் வைத்த பதாகை சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் உயிரிழந்தார். மண்டபத்துக்கு வழி காட்டத் துணியில் எழுதிய ஒரு தட்டி போதும். காகிதத் துகள் வெடியும் புகை இயந்திரமும் வேண்டாம் என்பதை வரவேற்பை நடத்தித் தரும் குழுவிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவை தாமாகவே பட்டியலில் சேர்ந்துவிடும்.

அரசாணிக்காலாகக் கல்யாண முருங்கைக் கொம்பை நடும் வழக்கம் சில சமூகங்களில் உண்டு. அந்த மரம் கிளையிலிருந்தே வேர் பிடிக்கக்கூடியது என்பதால், சடங்கு முடிந்ததும் அதை எங்காவது எறியாமல் தோட்டத்தில் நட்டுவிடலாம்.

பத்திரிகை, தாம்பூலம், மொய்

பெரியவர்களுக்கு நேரில் சென்று தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கும் அளவுக்கு மட்டும் பத்திரிகை அச்சடித்து, மற்றவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது பலராலும் ஏற்கப்படுகிறது. பேசாமல் படத்தை மட்டும் அனுப்பினால்தான் மனவருத்தம் வரும். அச்சடிப்பதும் சாதாரணத் தாளில் இருக்கட்டும். தகடு ஒட்டியதும் பிளாஸ்டிக் பூசியதும் வெல்வெட் பெட்டியில் வருவதும் பழைய தாள் வாங்குபவருக்குக்கூட உதவாதவை.

தாம்பூலப் பை வாங்கும்போது ஏமாந்துவிடக் கூடாது. துணி போலவே தோன்றும் மெல்லிய நெய்யாத பைகள் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. தமிழ்நாட்டின் தடைப் பட்டியலிலும் அவை உள்ளன. ஒரு நூலை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நெய்த துணியில் நூல் வரும், மற்றதில் வராது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே கல்யாண வீட்டில் கொடுத்தது பருத்தி மஞ்சப்பையைத்தான். அதில் மணமக்கள் பெயரைச் சிறிதாக அச்சிட்டால், வாங்கியவர் காய்கறிக் கடைக்கும் கொண்டுபோவார்; முகங்களைப் பெரிதாக அச்சிட்டால் பரணில் போட்டுவிடுவார். உள்ளே தேங்காய், வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு போதும். மரக்கன்று தருவதானால், எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்காமல், இடமும் ஆர்வமும் உள்ளவர் கேட்டு எடுத்துக்கொள்ளும்படி ஓரிடத்தில் வைக்க வேண்டும். அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் வசிப்பவரிடம் வேங்கைக் கன்றைக் கொடுத்தால் அது கறுப்பு பிளாஸ்டிக் உறையோடு காய்ந்துதான் போகும்.

அன்பளிப்புப் பொருட்களைத் தவிர்க்குமாறு பத்திரிகையில் ஒரு வரி சேர்க்கலாம். பளபளக்கும் தாளில் சுற்றி வரும் சுவர்க்கடிகாரங்களோடு ஒப்பிட்டால், எந்தப் பொட்டலமும் தேவைப்படாத மொய்க் கவர் எவ்வளவோ மேல்.

பட்டும் நகையும் அவரவர் விருப்பம். அம்மாவின் கூறைப்புடவையை மெருகேற்றி முகூர்த்தத்துக்கு உடுத்துவதும், வீட்டிலுள்ள பழைய நகையை உருக்கிப் புதிதாகச் செய்துகொள்வதும் புதிதாக வாங்குவதைத் தவிர்க்கின்றன. எப்படியும் புதிது எடுப்பதானால், வரவேற்புக்கு ஒருநாள் மட்டும் அணியும் ஆடையை வாடகைக்கு எடுத்து, அந்தப் பணத்தில் மறுபடியும் உடுத்தக்கூடிய கைத்தறிச் சேலை ஒன்றை வாங்கலாம்.

மண்டபத்தை ஒப்படைக்கும்போது

குப்பையைப் பிரிப்பதற்கு என்று இரு வீட்டுக்கும் பொதுவாக ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அவர் பந்தி உபசரிப்பிலோ மொய் எழுதுவதிலோ உட்காரக் கூடாது. இலை எடுப்பவர்களிடம் தொடக்கத்திலேயே பேசி, இலைக்கும் எச்சில் உணவுக்கும் ஒரு தொட்டி, மற்றதற்கு ஒரு தொட்டி என்று வைத்து, கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலியையும் கையோடு கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இலைக் கழிவை உள்ளாட்சியின் உரக்கூடத்துக்கோ, வாங்கச் சம்மதிக்கும் தோட்டத்துக்கோ அன்றே அனுப்ப வேண்டும். முழு இலையாகக் குழியில் போட்டால் ஒட்டிக்கொண்டு மக்கத் தாமதமாகும். நறுக்கி, காய்ந்த சருகோடும் கொஞ்சம் மண்ணோடும் அடுக்க வேண்டும். வாழை மரங்களையும் தென்னங்கீற்றையும் அலங்காரக்காரர் தாமே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முளைப்பாலிகையை ஆற்றில் விடும்போது அதைச் சுற்றிக் கட்டிய சரிகைத் தாளையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். மண்டபத்தின் வைப்புத்தொகையைத் திரும்பப் பெறுவதற்கு முன், சமையல் கூடத்துக்குப் பின்புறமும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. பிரித்து வைத்த தொட்டிகளை யாரும் ஒன்றாகக் கொட்டியிருக்கவில்லை என்பது அங்கேதான் உறுதியாகும்.